ஃபேக்ஸ் சொன்ன பிழையும் சொல்லாத பிழையும்

நம் அரசு அலுவலகங்களில் தந்தி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. தட்டச்சு இயந்திரம் முக்கால் நூற்றாண்டாவது ஓடியிருக்கும். ஃபேக்ஸ் இயந்திரத்துக்கு வாய்த்ததோ இருபது ஆண்டுதான். தொண்ணூறுகளில் மேலதிகாரியின் அறைக்குள் ராஜா மாதிரி வந்து உட்கார்ந்தது. பிறகு மின்னஞ்சல் வந்ததும் மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. இன்றைக்கும் பல அலுவலகக் கடிதங்களின் தலைப்பில் 'தொலைநகல் எண்' என்று ஓர் எண் இருக்கும். அந்த எண்ணுக்கு அனுப்பினால் எடுக்க ஆள் இருக்காது.

ஓய்வுபெற்ற நண்பர்கள் கூடினால் அந்த இயந்திரம் கொடுத்த தொல்லையைப் பற்றிச் சிரிக்காமல் எழுந்ததில்லை. 'பேப்பர் ஜாம்', 'நோ ரெஸ்பான்ஸ்', 'கம்யூனிகேஷன் எரர்' எல்லாம் எங்களுக்கு மந்திரம் போல மனப்பாடம். ஆனால் யோசித்துப் பார்த்தால், அது பிழை என்று சொன்ன நாட்களில் எங்களுக்குப் பெரிய கெடுதல் நேர்ந்ததில்லை. 'ஓகே' என்று சீட்டு அடித்துக் கொடுத்த நாட்களில்தான் நேர்ந்தது. அதைத்தான் இங்கே எழுதி வைக்க நினைக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிறகு அம்மாவின் ஊர்ப் பக்கம் குடும்பம் வந்ததால் கோவில்பட்டிச் சீமையில் குமாஸ்தா ஆனேன். இடைசெவல் கி.ரா. கரிசலிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போய்ப் பேராசிரியர் ஆனார். நான் எதிர்த்திசையில் வந்து எழுத்தர் ஆனேன். நான் படித்த பிரெஞ்சு என் உத்தியோகத்தில் பயன்பட்டது ஒரே ஒரு இடத்தில்தான். அது ஃபேக்ஸ் விஷயத்தில்.

ஊசல் இரண்டும் சேர்ந்து ஆட வேண்டும்

ஃபேக்ஸ் என்றால் ஏதோ ஜப்பான்காரன் எண்பதுகளில் கண்டுபிடித்தது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. அது தொலைபேசியைவிட மூத்தது. தொலைபேசிக்குக் கிரகாம் பெல் காப்புரிமை வாங்கியது 1876இல். எழுத்தையும் படத்தையும் கம்பி வழியே அனுப்பும் முறைக்கு அலெக்சாண்டர் பெயின் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காப்புரிமை வாங்கியது 1843இல். அவர் தொழில் கடிகாரம் செய்வது.

கடிகாரக்காரருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். விஷயமே அங்கேதான் இருக்கிறது. அனுப்பும் இடத்தில் ஓர் ஊசி தாளின் மேல் வரி வரியாக ஓடி, எங்கே மை இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்க்கிறது. பெறும் இடத்தில் இன்னோர் ஊசி அதே வரியில், அதே இடத்தில், அதே நேரத்தில் இருக்க வேண்டும். இது முன்னே, அது பின்னே என்று ஆனால் எழுத்து சாய்ந்து, சிதைந்து, கோலம் கலைந்த மாதிரி ஆகிவிடும். இரண்டு முனையும் ஒத்து ஓடுவதற்குக் கடிகார ஊசலைத்தான் பெயின் நம்பினார்.

அதை வியாபாரமாக நடத்திக் காட்டியவர் ஜியோவான்னி கசெல்லி என்ற இத்தாலியப் பாதிரியார். தன் கருவிக்குப் 'பான்டெலிகிராஃப்' என்று பெயர் வைத்தார். ஃப்ரோமான் என்ற பிரெஞ்சு இயந்திர நிபுணர் பாரிஸில் அதைச் செய்து கொடுத்தார். 1860இல் மூன்றாம் நெப்போலியன் நேரில் வந்து பார்த்தார். 1865இல் பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே பொதுமக்களுக்கான சேவை தொடங்கியது. ஆள் உயரத்தைத் தாண்டிய வார்ப்பிரும்புச் சட்டம், அதில் இரண்டு மீட்டர் ஊசல். வெள்ளீயத் தகட்டில் மின்சாரம் பாயாத மையால் எழுதிக் கொடுத்தால், மறுமுனையில் ரசாயனம் தடவிய தாளில் அதே கையெழுத்து நீல நிறத்தில் தோன்றும். சொல்லுக்கு இவ்வளவு என்று வாங்காமல், தாளின் பரப்புக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கினார்கள்.

அதை அதிகம் பயன்படுத்தியவர்கள் யார் தெரியுமா? வங்கிக்காரர்கள். கையெழுத்து அசல்தானா என்று சரிபார்ப்பதற்கு. தந்தி சொல்லைத்தான் கொண்டுபோகும், கையெழுத்தைக் கொண்டுபோகாது. நூற்றுமுப்பது ஆண்டு கழித்து எங்கள் அலுவலகத்தில் ஃபேக்ஸ் வாங்கச் சொன்ன காரணமும் அதேதான்: 'ஐயாவின் ஒப்பத்தோடு உத்தரவு உடனே வரும்.' 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வந்தது. கசெல்லியின் சேவை அத்தோடு நின்றது.

அப்புறம் எடுவார் பெலின் என்ற பிரெஞ்சுக்காரர் 1907இல் தொலைபேசிக் கம்பி வழியே புகைப்படம் அனுப்பிக் காட்டினார். அவர் பெயராலேயே அந்தப் படங்களைப் பிரெஞ்சில் 'பெலினோ' என்பார்கள். நம் நாட்டில் 'தி இந்து' நாளிதழ் 1969இலேயே செய்தித்தாளின் முழுப் பக்கத்தை இந்த ஃபாக்சிமிலி முறையில் வெளியூர் அச்சகத்துக்கு அனுப்பத் தொடங்கிவிட்டது. ஆனால் சாதாரண அலுவலகத்துக்கு அது எட்டாத சங்கதி. 1966இல் ஜெராக்ஸ் கம்பெனி மேஜைமேல் வைக்கும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை இருபது கிலோவுக்கு மேல். ஒரு பக்கம் போக ஆறு நிமிடம்.

1980இல் உலக நாடுகள் கூடி 'குரூப் 3' என்று ஒரு பொது விதி வகுத்தார்கள். யார் செய்த இயந்திரமும் யார் செய்த இயந்திரத்தோடும் பேசலாம். ஒரு பக்கம் ஒரு நிமிடத்தில் போகலாம். அதற்குப் பிறகுதான் விலை இறங்கியது. ஜப்பான் முன்னுக்கு வந்ததற்குக் காரணம் அவர்களுடைய எழுத்து. ஆயிரக்கணக்கான எழுத்துக்களைத் தட்டச்சு செய்வது அவர்களுக்குப் பெரும்பாடு. கையால் எழுதி அப்படியே அனுப்ப ஒரு வழி கிடைத்தால் விடுவார்களா?

கரிசலுக்கு வந்த கதை

1986 அக்டோபர் 20ஆம் தேதி திருநெல்வேலியிலிருந்து பிரிந்து புது மாவட்டம் வந்தது. அப்போது 'சிதம்பரனார் மாவட்டம்' என்று பெயர். கோவில்பட்டிக்காரர்கள் திருநெல்வேலியைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தூத்துக்குடியைப் பார்க்க ஆரம்பித்தோம். மழை அறிக்கை, வறட்சி அறிக்கை, பயிர்ச் சேத விவரம், தேர்தல் விவரம் எல்லாம் அங்கே போக வேண்டும். வெள்ளைக் காகிதத்தில் தட்டச்சு செய்து, பஸ்ஸில் ஆளைக் கொடுத்து அனுப்புவோம். அவசரமென்றால் தொலைபேசியில் கத்திச் சொல்வோம். அங்கே ஒருவர் எழுதிக்கொள்வார்.

தொலைபேசியே அந்த நாளில் பெரும் சோதனை. மத்திய அரசின் சி-டாட் நிறுவனம் 1984இல் தொடங்கி, 128 இணைப்புகள் கொண்ட சிறிய கிராமத் தொலைபேசி நிலையத்தை வடிவமைத்தது. ஏ.சி. இல்லாமல், நம் வெயிலிலும் புழுதியிலும் ஓடும்படி செய்தார்கள். கரிசல் காட்டுக்கு அது பெரிய வரம். அதற்குப் பிறகுதான் 'எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., ஃபேக்ஸ்' என்று மஞ்சள் பலகை தொங்கிய பூத்துகள் வந்தன. தீப்பெட்டிக் கம்பெனிக்காரர்கள் வடக்கேயிருந்து வரும் ஆர்டர்களுக்காக அங்கே காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அரசு அலுவலகத்துக்கு இயந்திரம் வந்தது அவர்களுக்குப் பிறகுதான்.

இயந்திரத்தோடு ஒரு தடித்த கையேடும் வந்தது. பல மொழிகளில் அச்சிட்டது. ஆங்கிலப் பக்கங்களை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஜெர்மன் எவருக்கும் தெரியாது. பிரெஞ்சுப் பக்கம் மிஞ்சியது. 'நீர் பாண்டிச்சேரிக்காரர்தானே, படியும்' என்று கண்காணிப்பாளர் என்னிடம் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து ஃபேக்ஸ் மக்கர் செய்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்தக் கையேட்டில் கோளாறு நீக்கும் பகுதிக்குத் தலைப்பு 'தெபானாஜ்'. 'பான்' என்றால் இயந்திரம் படுத்துவிட்டது என்று அர்த்தம். நடுவழியில் நின்றுபோன பஸ்ஸும் 'பான்'தான். 'எரேர்' என்றால் பிழை, தவறு. பிரெஞ்சுக்காரன் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டான். ஃபேக்ஸ் இயந்திரத்தின் சின்னத் திரையில் வரும் செய்திகளும் அந்த இரண்டு வகைதான்: இது என் உடம்பில் உள்ள கோளாறு; அது எனக்கும் மறுமுனைக்கும் இடையில் நடந்த பிழை. எது எது என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிரிப்பதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. எந்தத் தாள் சரியாகப் போகவில்லையோ, அதை அதே இயந்திரத்தில் வைத்து 'காப்பி' பொத்தானை அழுத்த வேண்டும். நகல் சுத்தமாக வந்தால் நம் இயந்திரத்தில் குற்றமில்லை. கம்பியையோ எதிர்முனையையோ பார்க்க வேண்டும். நகலிலேயே கருப்புக் கோடு நெடுக விழுந்தால் நம் கண்ணாடியில்தான் அழுக்கு. பெரும்பாலும் வெள்ளைத் திருத்த மையின் ஒரு துளி காய்ந்து ஒட்டியிருக்கும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போயிற்று.

'டாக்குமென்ட் ஜாம்' என்றால் முதல் குற்றவாளி ஸ்டேப்ளர் பின். இரண்டாவது, நம் அலுவலகத்துக் கார்பன் நகல் தாள். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக இருக்கும். இரண்டு மூன்று சேர்ந்து உள்ளே போய்விடும். அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த நகலைத்தான் அனுப்ப வேண்டும். வருகிற தாளெல்லாம் வெறும் வெள்ளையாக வந்தால், சுருளை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தத் தாளில் ஒரு பக்கம்தான் ரசாயனப் பூச்சு. சூடு பட்டால் கறுக்கும். எந்தப் பக்கம் என்று கண்ணுக்குத் தெரியாது. நகத்தால் வேகமாக ஒரு கீறு கீறினால், பூச்சு உள்ள பக்கம் கோடு விழும். 'ஓவர்ஹீட்' என்று வந்தால் ஒன்றும் செய்யக்கூடாது. கால் மணி நேரம் சும்மா விட்டுவிட வேண்டும். ஓரமெல்லாம் கறுப்படித்த ஜெராக்ஸ் பக்கங்கள் வரிசையாக வந்தால் அச்சடிக்கும் தலை சூடேறி நின்றுவிடும்.

இவையெல்லாம் 'பான்'. இனி 'எரேர்'.

கீச்சொலியில் இருந்த பேச்சு

ஃபேக்ஸ் போகும்போது ஒரு கீச்சொலி கேட்குமே, ஞாபகம் இருக்கிறதா? அது வெறும் இரைச்சல் இல்லை, முறையான பேச்சு. கூப்பிடும் இயந்திரம் மூன்று விநாடிக்கு ஒருமுறை 'பீப்' என்று சின்னதாகக் குரல் கொடுக்கும்: நான் மனிதன் இல்லை, இயந்திரம். எதிர்முனை நீளமாக ஒரு ஊதல் ஊதும்: நானும் இயந்திரம்தான். பிறகு அது தன் தகுதியைச் சொல்லும்: இந்த வேகத்தில், இந்த அளவுத் தாளில் வாங்குவேன். இது சொல்லும்: சரி, இந்த வேகத்தில் அனுப்புகிறேன். அதோடு விடாமல், ஒன்றரை விநாடி ஒரு சோதனைச் சரம் ஓட்டிப் பார்க்கும். அது சுத்தமாகப் போய்ச் சேர்ந்தால் பக்கம் கிளம்பும். சேராவிட்டால் வேகத்தை ஒரு படி குறைத்து மறுபடி முயலும். விநாடிக்கு 9600 என்பது 7200 ஆகும், 4800 ஆகும், கடைசியில் 2400 ஆகும். அதிலும் முடியாவிட்டால்தான் 'கம்யூனிகேஷன் எரர்'.

கசெல்லியின் இரண்டு ஊசல்களும் ஒத்து ஆட வேண்டியிருந்தது போலவே இங்கேயும் இரண்டு முனையும் ஒத்துப் போக வேண்டும். ஊசல் போய் ஊதல் வந்தது, வேறு மாற்றமில்லை.

நம் பக்கத்தில் வேகம் குறைவதற்கு மண்ணே ஒரு காரணம். கரிசல் மண்ணின் குணம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் உப்பும். கோடையில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். வீட்டுச் சுவரே விரிகிறது. கம்பமும் மண்ணுக்குள் போட்ட கேபிளும் என்ன செய்யும்? கம்பம் சாயும், கேபிள் இணைப்பு இளகி ஈரம் இறங்கும். ஐப்பசி மழை பிடித்தால் தொலைபேசியில் 'ங்' என்று ஒரு முரளல் கேட்கும். பேச்சுக்கு அது தொந்தரவு, அவ்வளவுதான். ஃபேக்ஸுக்கு அது எமன். மழை அறிக்கை அவசரமாகக் கேட்கும் அதே நாட்களில்தான் அறிக்கை போக மறுக்கும்.

பழைய வகைத் தொலைபேசி நிலையத்தோடு இணைந்த இடங்களில் இன்னொரு தொல்லை. அவை எண்ணைச் சுழற்றும் 'பல்ஸ்' முறையைத்தான் புரிந்துகொள்ளும். இயந்திரம் 'டோன்' முறையில் இருந்தால் ராகமெல்லாம் பாடிவிட்டுச் சும்மா நிற்கும். பின்னால் உள்ள ஒரு சின்ன ஸ்விட்சை மாற்றினால் போகும்.

மனிதர்கள் செய்வது அதைவிட அதிகம். ஒரே இணைப்பில் அதிகாரி அறையில் ஒரு ஃபோன், பக்கத்தறையில் ஃபேக்ஸ். பாதிப் பக்கம் போயிருக்கும்போது யாராவது ரிசீவரை எடுத்து 'ஹலோ' என்பார்கள். அத்தோடு எரர். எதிர்முனையில் ஆள் எடுத்துப் பேசினால், 'அண்ணாச்சி, கொஞ்சம் ஃபேக்ஸ் டோன் குடுங்க' என்று கெஞ்ச வேண்டும். 'பியூன் வரட்டும், எனக்கு எந்தப் பொத்தான்னு தெரியாது' என்பார் அண்ணாச்சி.

இத்தனை தொல்லையிலும் ஒரு நன்மை இருந்தது. எரர் வந்தால் நமக்குத் தெரியும். மறுபடி அனுப்புவோம், முடியாவிட்டால் பஸ்ஸில் ஆளை ஏற்றுவோம், இல்லை, போன் போட்டு வாசித்துக் காட்டுவோம். போகவில்லை என்று தெரிந்த கடிதத்தால் எந்தக் கோப்பும் கெட்டதாக எனக்கு நினைவில்லை.

'ஓகே' என்ற சீட்டு

அனுப்பி முடிந்ததும் இயந்திரம் ஒரு சீட்டு அடிக்கும். தேதி, நேரம், எண், பக்கங்கள், கடைசியில் 'ஓகே'. அதைக் கோப்பில் வைத்துத் தைத்துவிட்டு நிம்மதியாக இருப்போம். அந்த 'ஓகே'யின் பொருள் ஒன்றே ஒன்றுதான்: அந்த இயந்திரம் வாங்கிக்கொண்டதாக இந்த இயந்திரத்திடம் சொன்னது. மனிதன் படித்தான் என்றோ, படிக்கும்படி இருந்தது என்றோ அதற்கு அர்த்தமே கிடையாது. தாளைக் கவிழ்த்து வைத்து வெறும் முதுகை அனுப்பினாலும் 'ஓகே'தான்.

சாதாரண முறையில் அனுப்பினால் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நாலு வரிகூட இயந்திரம் பார்ப்பதில்லை. 'ஃபைன்' பொத்தானை அழுத்தினால் ஏறத்தாழ எட்டு வரி பார்க்கும். ஆனால் நேரம் கூடும், எஸ்.டி.டி. கட்டணம் கூடும். சிக்கனம் கருதி எல்லோரும் சாதாரண முறையிலேயே அனுப்புவார்கள். அதில் முதலில் பலியாவது நம் தமிழின் மெய்யெழுத்துப் புள்ளி. கண்ணன் 'கணணன' ஆவார். அதையாவது ஊகித்துப் படித்துக்கொள்ளலாம். எண்ணில் உள்ள தசமப் புள்ளி போனால் என்ன செய்வது? 12.4 மில்லிமீட்டர் மழை 124 ஆகும். ஆண்டு முழுவதற்குமே அறுநூறு எழுநூறு மில்லிமீட்டர் காணும் வானம்பார்த்த பூமி இது. ஒரே நாளில் 124 பெய்தது என்று மேலே போனால் வறட்சிப் பட்டியலில் அந்தப் பிர்க்காவின் கதி என்ன? 3 என்பது 8 ஆவதும் அப்படித்தான். இதற்கெல்லாம் திரையில் எந்த எச்சரிக்கையும் வராது.

தந்திக் காலத்து ஆட்களுக்கு இந்த ஆபத்து தெரியும். முக்கியமான எண்களைத் தந்தியின் கடைசியில் ஒருமுறை திருப்பிச் சொல்வது அவர்கள் வழக்கம். எங்கள் தலைமை எழுத்தர் அந்தப் பள்ளியில் வந்தவர். 'புள்ளிவிவரம் எதுவானாலும் எண்ணிலும் எழுது, எழுத்திலும் எழுது' என்பார். 'பன்னிரண்டு புள்ளி நான்கு' என்று எழுதிவிட்டால் எந்தப் புள்ளி விழுந்தாலும் கவலையில்லை.

அடுத்தது தேதி. ஃபேக்ஸ் தாளின் உச்சியில் பொடி எழுத்தில் ஒரு தேதியும் நேரமும் இருக்கும். பலரும் அதைப் பெற்ற தேதி என்று நினைப்பார்கள். அது அனுப்பிய இயந்திரத்தின் கடிகாரம் அச்சிட்டது. மின்தடை வந்து அங்கே கடிகாரம் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தால், ஏதோ ஒரு ஆண்டின் ஜனவரி 1 என்று அச்சாகி வரும். கெடு தேதி உள்ள விஷயங்களில் இதனால் வந்த வழக்காடல்கள் கொஞ்சமில்லை. வந்த உடனே நம் அலுவலக முத்திரையைக் குத்தி, மையால் நேரம் எழுதிக் கையெழுத்திடுவதே ஒரே காப்பு.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு அந்தத் தாள்தான். சூட்டில் எழுதியது சூட்டிலேயே அழியும். வெயில், வெளிச்சம், எண்ணெய், பசை எல்லாமே அதற்குப் பகை. பிளாஸ்டிக் உறை ஜென்மப் பகை. உறையை மிருதுவாக்கச் சேர்க்கும் ரசாயனம் மெல்ல இறங்கி எழுத்தைத் தின்றுவிடும். இது நிறையப் பேருக்குத் தெரியாது. முக்கியமான உத்தரவு என்று பத்திரமாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தவர்கள்தான் முதலில் இழந்தார்கள்.

நான் கண்ணால் கண்ட ஒன்று. அலுவலகமும் பெயரும் வேண்டாம். விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்து அம்மா ஒருவர். கணவர் அடிநிலை ஊழியராக இருந்து இறந்தவர். குடும்ப ஓய்வூதிய நிலுவை வழங்க மேலிடத்திலிருந்து உத்தரவு ஃபேக்ஸில் வந்தது. அடியில் வழக்கம்போல 'அசல் தபாலில்' என்று ஒரு வரி. பணமும் கொடுத்தார்கள். அசல் வரவே இல்லை; யாரும் கேட்கவும் இல்லை. சில ஆண்டுகள் கழித்து ஓய்வூதியத்தைத் திருத்தி அமைக்கும்போது பழைய உத்தரவைக் காட்டச் சொன்னார்கள். கோப்பைத் திறந்தால், பிளாஸ்டிக் உறைக்குள் பளபளவென்று ஒரு மஞ்சள் தாள். ஒரு எழுத்து இல்லை. அனுப்பிய இடத்தில் கேட்டால், அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறியதில் அந்த ஆண்டுக் கோப்புகள் கிடைக்கவில்லை என்றார்கள்.

அந்த அம்மாவிடம் தாளைக் காட்டினேன். கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, 'எழுத்து எங்கய்யா போச்சு?' என்று கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வெறும் தாள் வெறும் தாள்தானே.

ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தார். கடைசியில், அன்றைக்கு நிலுவைப் பட்டியலோடு இணைத்துக் கருவூலத்துக்குப் போயிருந்த ஒரு ஜெராக்ஸ் பிரதி கிடைத்தது. முன்பின் தெரியாத ஏதோ ஒரு புண்ணியவான், ஃபேக்ஸ் வந்த அன்றே ஒரு ரூபாய் செலவழித்து எடுத்து வைத்த நகல். அந்த அம்மாவின் ஓய்வூதியம் அதனால் பிழைத்தது. எங்கள் பிரிவில் அன்றிலிருந்து சட்டமே போட்டுக்கொண்டோம்: ஃபேக்ஸ் வந்தால் முதல் வேலை ஜெராக்ஸ், கோப்பில் சேர்வது அந்த நகல்தான், அசல் தபாலில் வரவில்லை என்றால் பத்தாம் நாள் நினைவூட்டு.

ஒரு மாநிலத்தின் ஃபேக்ஸ்

குமாஸ்தாக்களின் சங்கதி என்று இதை ஒதுக்க வேண்டாம். 2018 நவம்பர் 21ஆம் தேதி ஜம்மு காஷ்மீரில் நடந்ததை நாடே பார்த்தது. ஆட்சி அமைக்க உரிமை கோரி மெஹபூபா முஃப்தி ஆளுநர் மாளிகைக்குக் கடிதம் அனுப்ப முயன்றார். ஃபேக்ஸ் போகவில்லை என்று சொல்லி, கடிதத்தை ட்விட்டரில் வெளியிட்டார். அன்றிரவே சட்டப்பேரவை கலைக்கப்பட்டது. அன்று மீலாது விடுமுறை, ஃபேக்ஸ் அருகே ஆள் இல்லை என்று மறுநாள் ஆளுநர் சத்யபால் மாலிக் விளக்கம் சொன்னார். அரசியல் நியாயத்துக்குள் நான் போகவில்லை. செய்தியைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இது நமக்குப் பழகிய 'நோ ரெஸ்பான்ஸ்'. அனுப்பியவருக்குப் போகவில்லை என்று அப்போதே தெரிந்தது; அதனால்தான் வேறு வழி தேடினார். அந்தக் கடிதம் யாரும் இல்லாத அறைக்குள் போய் விழுந்து, இங்கே 'ஓகே' என்று சீட்டு வந்திருந்தால், அவர் அதை நம்பிச் சும்மா இருந்திருப்பார்.

2013 ஜூலையில் தந்தி நின்றபோது எல்லோரும் வருத்தப்பட்டு எழுதினார்கள். ஃபேக்ஸ் போனபோது ஒருவரும் வருத்தப்படவில்லை. எனக்கும் பெரிய வருத்தமில்லை. ஆனால் இப்போது பேரப்பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் இரண்டு டிக் விழுந்துவிட்டது, விஷயம் முடிந்தது என்று சொல்லும்போது எனக்கு அந்தச் சீட்டு ஞாபகம் வருகிறது. போய்ச் சேர்வது வேறு, படிக்கப்படுவது வேறு, பத்து வருஷம் கழித்துத் தேடும்போது கையில் இருப்பது வேறு. முதலாவதை மட்டும்தான் இயந்திரம் சொல்லும். மற்ற இரண்டையும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தச் சூட்டுத் தாள் இன்னும் நம்மை விடவில்லை. ஏ.டி.எம். சீட்டு, கடை பில், மருந்துக் கடை ரசீது, கியாஸ் அடுப்பு வாங்கியபோது வாரண்டிக்குக் கொடுத்த பில் எல்லாம் பெரும்பாலும் அதே வகைத் தாள்தான். நகத்தால் கீறிப் பாருங்கள், கோடு விழும். பீரோவில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்து ஒரு ஜெராக்ஸ் போட்டு வையுங்கள். பழைய டிரங்குப் பெட்டியில் ஓய்வூதியம், பட்டா சம்பந்தமாக ஃபேக்ஸ் தாள் ஏதாவது கிடந்தால் அதையும் பாருங்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, கொஞ்சம் கறுப்பு கூட்டி நகல் எடுத்துக் கொடுப்பார்கள். அடுத்த கோடை வரை அது காத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை.